சைவமா என்று கேட்டார்கள்

கீரைக்கு நான் எதிரி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது வல்லாரையின் மகிமையை எனக்கு எழுதி அனுப்புவார்கள். எங்கள் வேலியில் முருங்கை நிற்கிறது, கிணற்றடியில் பொன்னாங்காணி படர்ந்து கிடக்கிறது. இரண்டையும் தின்றுதான் ஐம்பத்திரண்டு வயதுவரை வந்திருக்கிறேன். எனக்கு ஆகாதவர்கள் கீரையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள்தான்.

நான் இருபத்து நான்கு வருடமாக நெருப்பு அணைக்கிறவன். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய பட்டினத்தில் எங்கள் நிலையம் இருக்கிறது. எந்தப் பட்டினம் என்று சொல்லப் போவதில்லை; அங்கே இன்னும் சம்பளம் வாங்குகிறேன். ஒரு தீயணைப்பு வண்டி, தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் லொறி ஒன்று, இரண்டையும் நிறுத்த ஒரு கொட்டகை. கொட்டகைக்குள்ளேயே எங்கள் சாப்பாட்டு மேசை. மேசைக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் நெருப்புக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டுகள். எரிந்த கடை, எரிந்த வலை, எரிந்த டயர், எல்லாவற்றின் கரியும் அந்தக் கோட்டுகளில் படிந்திருக்கும். காற்றடித்தால் உதிரும். சோற்றில் கறுப்பாக விழுவதை மிளகு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு தின்போம். காலையில் வண்டியை இயக்கிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில்தான் எங்களுக்குக் காலைச் சாப்பாடு. டீசல் புகையோடு புட்டுத் தின்று பழகியவனுக்குப் புகை இல்லாத புட்டு ருசிக்காது.

மூச்சுக் கருவி எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்றின் சிலிண்டர் காலி. மற்றதைப் பாடசாலைப் பிள்ளைகள் நிலையம் பார்க்க வரும்போது எடுத்துக் காட்டுவோம். நெருப்புக்குப் போகும்போது சாரத்துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வோம். இதையெல்லாம் அதிகாரிகள் அறியாமல் இருக்கவில்லை. அறிந்துகொண்டு சும்மா இருப்பதற்குத்தான் அவர்களுக்கு அறை, மின்விசிறி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வண்டியின் ஓட்டுநர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் தம்பி என்பார். ஓட்டுநர் என்றால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கால் நீட்டுகிறவர் அல்ல. தண்ணீரைத் தள்ளும் பம்பு வண்டியில்தான் இருக்கிறது. நெருப்பு முடியும்வரை அவர் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நாங்கள் மாறி மாறி வெளியே வந்து மூச்சு விடுவோம். அவருக்கு மாற்று ஆள் இல்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புகை அவர் முகத்துக்குத்தான் வரும்.

ஒருமுறை குப்பைமேடு பற்றிக்கொண்டது. குப்பைமேட்டு நெருப்பு மேலே அணைந்த மாதிரி இருந்து அடியில் புகைந்துகொண்டே கிடக்கும். ஐந்து நாள் அங்கே நின்றோம். பொலித்தீன், பழைய மெத்தை, டயர், செத்த மாடு, ஊர் கழித்துவிட்ட அத்தனையும் எங்கள் மூக்கு வழியாகப் போனது. ஆறாம் நாள் காலையில் அண்ணன் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியடிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, சலம் சிவப்பாப் போகுது.” சிறுநீரைச் சொன்னார்.

“பீட்ரூட் திண்டீங்களா, அண்ணன்?”

அவர் சிரித்தார். “உனக்கு எல்லாம் பகிடிதான். சூடாத்தான் இரிக்கும். அஞ்சு நாள் நெருப்புக்க நிண்டதுக்கு வேற என்ன வரும்?”

செவ்விளநீர் வெட்டிக் குடித்தார். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. தெளிந்ததைச் சொல்லவும் என்னிடம்தான் வந்தார். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும்கூட. எதற்கும் ஆசுபத்திரிக்கு ஒருமுறை போய்க் காட்டுங்கள் என்று சொன்னேன். மழை வரும்போல இருக்கு என்று சொல்வோமே, அந்த மாதிரிச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கீரைக்காரர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு சுகாதாரத் திட்டம். கழுத்துப் பட்டி கட்டிய ஒரு கனவான், அவருக்கு உதவியாக ஒரு இளம்பெண். கொட்டகைச் சுவரில் வெள்ளைத் துணி தொங்கவிட்டுப் படம் காட்டினார்கள். தீயணைப்பு வேலை செய்கிறவர்களுக்கு மற்றவர்களைவிடப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூட என்றார் கனவான். அதை ஏதோ எங்களுக்கு விருது கிடைத்த மாதிரி முகத்தில் புன்னகையோடு சொன்னார். ஆகவே நாங்கள் இறைச்சியைக் குறைத்து, மரக்கறி, கீரை, பழம், பருப்பு என்று தாவர உணவுக்கு மாற வேண்டுமாம். துணியில் பச்சை நிறத்தில் பூக்கோவா, காலிபிளவர் என்பார்களே, அது மாதிரி ஒன்று வந்தது. வாவியின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அதை எந்தச் சந்தையிலும் நான் பார்த்ததில்லை.

எங்களோடு வேலை செய்கிற காத்தான்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் காக்கா; முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கையை உயர்த்திக் கேட்டார்.

“சேர், எங்களுக்கு ஏன் கூட வருது?”

“புகை, கரி, அந்த மாதிரி விசயங்களால” என்று சொல்லிவிட்டுக் கனவான் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனார். அடுத்த படம் மாதுளம்பழம். புகைக்கு அவரிடம் திட்டம் இல்லை. மாதுளம்பழத்துக்கு இருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாலுக்குப் படம் காட்டி விளக்கம் சொன்னவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் அந்த இளம்பெண் எழுந்து இரண்டு வார்த்தை சொன்னாள். கோட்டுகளைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டாதீர்கள், நெருப்புக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள், காலையில் வண்டியை வெளியே கொண்டுபோய் இயக்குங்கள் என்றாள். அதற்குள் மரக்கறி ரோல்ஸ் வந்துவிட்டது. ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் நான், அதுவும் பகிடி விடுவதற்காக.

“கோட்டுகளுக்குத் தனி வீடு கட்டித் தாங்க, தங்கச்சி. நாங்க குடிபூரல் வைக்கிறம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுவதும் பேசப்பட்டவற்றில் உருப்படியானவை அந்த இரண்டு வார்த்தைகள்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சிரிப்பு என்னுடையதாக இருந்ததால் அப்போது விளங்கவில்லை.

அடுத்த கிழமை அவள் படிவங்களோடு தனியாக வந்தாள். எல்லோரையும் ஒரேயடியாகப் பரிசோதனைக்கு எடுக்க முடியாதாம். விவரம் கேட்டு, அபாயம் கூடியவர்களை முதலில் சலம், இரத்தம், ஸ்கான் என்று பார்ப்பார்களாம். அண்ணனின் பெயர் அதில் வந்துவிடும், நான் வாய் நோகச் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மற்றவன் செய்வான் என்று விட்டுவிடும் சோம்பேறிக்கு வரும் நிம்மதி அது.

மேசையில் அவள் ஒருபக்கம், நாங்கள் வரிசையாக மறுபக்கம். பிறந்த திகதி, கலியாணம் முடித்தவரா, பிள்ளைகள் எத்தனை, இதற்கு அடுத்ததாகப் படிவத்தில் ஒரு சொல்: சைவம். பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். படிவம் கொழும்பில் யாரோ எழுதியது, அவளும் கொழும்பிலே வளர்ந்த பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சைவமா என்று கேட்டால் அது சமயத்தைக் கேட்பது. சைவமா, வேதமா என்போம். வேதம் என்றால் கிறிஸ்தவம். சாப்பாட்டைத்தான் கேட்க வேண்டும் என்றால் மச்சம் தின்பீர்களா என்போம். மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். பிறந்த திகதிக்கும் கலியாணத்துக்கும் பிறகு சைவமா என்று கேட்டால் எந்த மனிதனுக்கு முருங்கைக்காய் நினைவுக்கு வரும்?

வரிசையில் அண்ணன் எனக்கு முன்னால் இருந்தார்.

“சைவமா?” என்றாள் அவள்.

“ஓம், சைவம்.”

“எத்தனை வருசமா?”

அண்ணனுக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து உட்கார்ந்தார். “பிறந்ததிலயிருந்து. பரம்பரையா. எங்கட குடிதான் எங்கட கோயில்ல வண்ணக்கர்.”

எங்கள் ஊர்களில் தாய்வழியில் வரும் குடியும், அந்தக் குடிக்குக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் உரிமையும் எவ்வளவு பெரிய விசயம் என்று அவளுக்கு என்ன தெரியும். பிறந்ததிலிருந்து மீன் தொடாத ஒரு தீயணைப்பு வீரரைக் கண்டுபிடித்த சந்தோசம் அவள் முகத்தில் தெரிந்தது. “மிச்சம் நல்லது” என்று சொல்லி, ஆம் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு, பக்கத்தில் ஏதோ எழுதவும் செய்தாள். அன்று காலை தின்ற நண்டு ஆணத்தின் வாசனை அண்ணனின் விரல்களில் அப்போதும் இருந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க இருமினேன்.

கடைசிப் பக்கத்தில் நோய்க்குறிகள். சலத்தோடு இரத்தம் போனதா என்று கேட்டாள். மகள் வயதுப் பிள்ளை. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார்.

அவருக்கு முன்னாலேயே காக்காவின் முறை முடிந்திருந்தது. சைவமா என்று கேட்டதற்கு அவர், “நான் முஸ்லிம், மகள்” என்று சொல்லியிருந்தார். இல்லை என்ற கட்டம். சைவம் இல்லாதவர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு பக்கம் கேள்வி உண்டு. வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பீர்களா என்று கேட்க, பிள்ளைகளுக்காகச் சமைப்பதுண்டு என்றார். அதுவும் அவர் கணக்கில் விழுந்தது. உண்மையில் காக்காவின் கால் பெருவிரல் வீங்கி, டொக்டர் இறைச்சியையும் இறாலையும் மறித்து ஆறு வருடம். பருப்பும் பயிற்றங்காயும் தவிர அந்த மனிதர் எதையும் தின்று நாங்கள் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. அந்த இரண்டு பக்கக் கேள்வியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, “சைவம்” என்றேன். அவர்கள் அறியாமல் சொன்னார்கள், நான் அறிந்து சொன்னேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பிள்ளை கேள்வியைத் திருத்தி எல்லோரையும் மறுபடி கேட்டிருப்பாள். எங்களுக்குச் சாப்பாடு சொல்லித்தர வந்தவர்களுக்கு எங்கள் சாப்பாட்டைக் கேட்கவே தெரியவில்லை என்பது எனக்குக் கற்கண்டாக இருந்தது. அதைக் கரைய விடாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதங்கள் வந்தன. மாமிசம் தின்பவர் என்று காக்காவை உடனே பரிசோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் அண்ணனுக்கும் வேறு கடிதம். நீண்டகாலச் சைவ உணவுப் பழக்கத்தைக் கருத்திற்கொண்டு தாங்கள் அபாயம் குறைந்தோர் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள், தற்போதைக்குப் பரிசோதனை அவசியமில்லை. உணவு என்ற சொல்லைக் கண்ட பிறகுதான் அண்ணனுக்கு விசயம் விளங்கியது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“சாப்பாட்டையா அந்தப் புள்ள கேட்டது?”

“ஓம்” என்று சொல்லிவிட்டு நான் அன்றைக்கு அடக்கிய சிரிப்பைச் சிரித்துத் தீர்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “நம்மட வாயால வந்திட்டு. எழுத்திலயும் விழுந்திட்டு. இனி அதைப் பொய்யாக்கப்படாது” என்றார். அன்றிலிருந்து மச்சத்தை விட்டுவிட்டார். கோயிலுக்கு நேர்த்தி வைத்தவர் மாதிரி விட்டார். நண்டு என்றால் ஓட்டைக்கூடச் சப்பித் துப்பும் மனிதர், பூசணிக்காயைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். அவருக்காக அவர் மனைவியும் வீட்டில் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டா. முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டும் என்று எனக்கு எரிச்சல். பொய்யை உண்மையாக்க ஒருவர் வயிற்றைக் கொடுப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் மேலதிகாரிக்கோ இது பெரிய புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். அபாயம் குறைந்த நிலையம் என்று பெயர் கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைகளில் வாழையிலை போட்டு மரக்கறிச் சாப்பாடு, அதைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்புவது. படத்தில் அவர் கீரையை வாயருகில் வைத்துக்கொண்டு சிரிப்பார். அவர் தலைக்கு மேலே எங்கள் கறுத்த கோட்டுகள் தொங்கும். படத்தில் கோட்டு தெரிகிறது, தள்ளி உட்காருங்கள் என்று சொல்வார்களே தவிர, கோட்டைக் கழற்று என்று ஒருவர் சொன்னதில்லை.

இப்படியே ஏழெட்டு மாதம் போனது. ஒருநாள் பைபர் தோணி செய்கிற கொட்டில் ஒன்று வாவியோரத்தில் பற்றிக்கொண்டது. அந்தப் புகை தொண்டையில் பசை மாதிரி ஒட்டும். மத்தியானம் நிலையத்துக்குத் திரும்பி வந்ததும் அண்ணன் நேராகக் கழிவறைக்குப் போனார். அவருக்குப் பிறகு நான் போனேன். எங்கள் கழிவறையில் தண்ணீர் சரியாக விழாது. உள்ளே சிவப்பு மட்டும் இல்லை, உறைந்த கட்டிகளும் கிடந்தன.

வெளியே வந்தபோது அவர் வண்டியின் படியில் உட்கார்ந்து இருந்தார்.

“அண்ணன், எவ்வளவு நாளா இப்பிடிப் போகுது?”

“அது பீட்ரூட், தம்பி. நீதானே சொன்ன. மரக்கறி திண்டா இப்பிடித்தான் இரிக்கும்.”

“இண்டைக்குப் பீட்ரூட் திண்டீங்களா?”

யோசித்தார். “முந்தநாள்.”

எப்போதோ தாங்கியடியில் நான் வீசிவிட்ட பகிடியை இந்த மனிதர் எடுத்து வைத்துக்கொண்டு, அதை நம்பி இவ்வளவு நாள் இருந்திருக்கிறார். இப்போதே ஆசுபத்திரிக்குப் போவோம் என்றேன். மாட்டேன் என்றார். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழியும் நிலையில் இருந்தது. “எனக்கு ஒண்டுமில்லை எண்டு எழுத்தில இரிக்கு. படிச்ச ஆக்கள் எழுதினது” என்றார். பயந்த மனிதன் தனக்கு ஒரு கடிதம் கிடைத்தால், கடவுளே வந்து சொன்னாலும் அதைக் கைவிட மாட்டான். கடிதத்தை இன்னொரு கடிதம்தான் வெல்லும் என்று விளங்கியது.

அடுத்த நாள் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு, அந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் கனவானுக்குச் சொல்ல வேண்டியதைக் கூர்மையாகத் தீட்டிக்கொண்டு போனேன். ஊர்ப் பேச்சுத் தெரியாதவன் ஊருக்கு உபதேசம் செய்ய வந்தால் இப்படித்தான் என்று தொடங்குவதாக இருந்தேன். அவர் கதிரையில் சாய்ந்தபடி ஒரே கேள்வி கேட்டார்.

“அப்ப நீங்க எல்லாரும் பொய்யா சொன்னீங்க?”

“அவங்கள் இல்லை. நான் மட்டும்தான்” என்றேன். தீட்டிக்கொண்டு போனது அத்தோடு மழுங்கிவிட்டது.

அந்த இளம்பெண் பக்கத்து மேசையில் இருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து வந்து ஒரு திருத்தப் படிவத்தை எடுத்துத் தந்தாள். இதில் அவர் கையெழுத்து வைத்தால் அந்தக் கிழமையே பரிசோதனைக்குத் திகதி எடுத்துத் தருவதாகச் சொன்னாள். பிறகு, “நான் கேட்ட கேள்வி பிழைதான். உங்களுக்கு அண்டைக்கே தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே, அண்ணா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படிவத்தை நான் பஸ்ஸில் வாசித்திருக்க வேண்டும். மேசையில் விரித்த பிறகுதான் பார்த்தேன்: நான் சைவம் அல்ல என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

அண்ணன் பேனையைக் கீழே வைத்துவிட்டார். “என்னை என்ன, வேதத்துக்கு மாத்தப் போறியா?”

“அண்ணன், இது சாப்பாடு.”

“சாப்பாடெண்டு எங்க போட்டிரிக்கு? சைவம் அல்ல எண்டுதானே போட்டிரிக்கு. வண்ணக்கர் குடியில பிறந்திட்டு நான் இதில கையெழுத்து வைக்கிறதா? நாளைக்கு இதக் கொண்டு போய்க் கோயில்ல காட்டினா?”

யார் காட்டப் போகிறார்கள் என்று கத்தினேன். சாகப் போகிற நேரத்தில் சமயம் என்ன, கோயில் என்ன என்றும் கத்தினேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அதுவரைக்கும் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

காக்காதான் இடையில் வந்தார். பரிசோதனை முடிந்து ஒன்றும் இல்லை என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எங்களில் கூடப் புகை குடிக்கிறவர் ஓட்டுநர்தானே, தன் முறையை அண்ணனுக்குக் கொடுக்க முடியுமா என்று அவர் கடிதம் வந்தபோதே கேட்டுப் பார்த்து, பெயர் மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அவர் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இந்தக் கையெழுத்த நான் வைச்சா உண்மையாத்தான் இரிக்கும். அவர்ட்ட என்னத்துக்குக் கேக்கிற? அந்த வரிய வெட்டுங்க. கீழ அவர்ர கையால, நான் மச்சம் சாப்பிடுறன் எண்டு எழுதச் சொல்லுங்க. அதுவும் அதுதானே.”

அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் தலையை ஆட்டினார். “இப்ப நான் மச்சம் தின்னுறல்லையே, காக்கா. அதுவும் பொய்தானே.”

இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது? உடம்புக்குள்ளே என்ன வளர்கிறதோ தெரியாது, இவர் இங்கே உட்கார்ந்து உண்மைக்கு எடை போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு அடிக்கவும் கை வந்தது, அழவும் வந்தது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் நண்டு ஆணம் வைக்கச் சொன்னேன். வாவி நண்டு, முருங்கை இலை போட்டு, உறைப்பாக. மறுநாள் மத்தியானம் சட்டியோடு நிலையத்துக்கு வந்தேன். மேசையில் வைக்கப் போனபோது மேலே கோட்டுகள் தொங்கின. சட்டியைக் காக்காவின் கையில் கொடுத்துவிட்டு எட்டுக் கோட்டுகளையும் கழற்றி வெளியே வேலியில் கொண்டுபோய்ப் போட்டேன். மேசையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மேலதிகாரி கதவருகில் வந்து பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போனார்.

அண்ணன் சட்டியைப் பார்த்தார். “நேர்த்திய முறிக்கச் சொல்லுறியா?”

“நீங்க வைச்ச நேர்த்தி இல்லை, அண்ணன். நான் விட்ட பிழை. தெரிஞ்சுகொண்டு பேசாம இருந்த நான். பாவம் எண்டா அது எனக்கு.”

அவர் ஒரு நண்டுக் காலை எடுத்து உடைத்தார். ஒன்று தின்றார், இரண்டாவதையும் எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியைக் கோடு போட்டு வெட்டி, கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்: நான் நண்டு தின்னுகிறவன். கையெழுத்து வைத்தார். படிவத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஆணம் பட்டுவிட்டது. அதை அப்படியே கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள், சிரிக்கவில்லை, அன்றைக்கே திகதி எடுத்துத் தந்தாள்.

சலப்பையில் கட்டி. கமரா விட்டுப் பார்த்து, சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த நாள் நானும் கூடப் போனேன். அவர் மனைவி வெளியே நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தா; உள்ளே நீ வா என்று அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டார். டொக்டர் நடுவயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசினார். கட்டி தசைவரைக்கும் போய்விட்டது, இனிச் சுரண்டிப் பயனில்லை, சலப்பையையே எடுக்க வேண்டி வரும், அதற்குப் பிறகும் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார். முதல் தரம் இரத்தம் போனபோதே வந்திருந்தால் சுரண்டலோடு முடிந்திருக்கக்கூடும் என்றும் சொன்னார்.

“சைவச் சாப்பாடு சாப்பிட்டா இது மாறுமா, டொக்டர்?” என்று அண்ணன் கேட்டார்.

“சாப்பிடுங்க, நல்லது. ஆனா உங்களுக்கு இது சாப்பாட்டால வந்ததா எனக்குத் தெரியல்ல. புகைக்குள்ளதான் இவ்வளவு காலமும் நிண்டிருக்கிறீங்க.” டொக்டர் கோப்பைப் புரட்டினார். “முதல் தரம் சிவப்பாப் போய் ஒரு வருசத்துக்கு மேல. இரத்தம் எண்டு உங்களுக்கு விளங்கல்லையா?”

“பீட்ரூட் எண்டு நினைச்சன்.”

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். “பீட்ரூட் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் இருந்த பேனையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஒருத்தரும் சொல்லல்ல, டொக்டர். எனக்காத்தான் தோணிச்சு.”

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.